படுத்திருந்தால் ஆள் கணக்கில் வராதாம்

கிள்ளான்,
மே 2020

அன்பு மகள் ஷாமினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், டப்ளினில் நீயும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். இந்தச் 'சுகம்' என்ற சொல்லைப் பொய்யில்லாமல் எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் கடிதம் போடவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைப் பார்த்து நான் அழுவேன், அப்பா குறுக்கே வந்து வெறும் வாய்வு என்று சொல்லிப் போனை அடைத்துவிடுவார். பதறாமல் படி, முடிவு நல்ல முடிவுதான்.

எம்சிஓ என்று நடமாட்டத் தடை போட்டதிலிருந்து உன் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. நம் தாமான் குடியிருப்பின் காவல் குழுத் தலைவர் அல்லவா, அரசாங்கமே தன்னை நம்பித்தான் நடக்கிறது என்று நினைப்பு. ஒரு காரில் ஒரு ஆள்தான் போகணும் என்று கேட் அருகே நின்று தெருவுக்கே கத்துவார். பக்கத்து வீட்டுத் தம்புசாமி அண்ணன் தன் மனைவியை முன் சீட்டில் ஏற்றியதற்காக அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலையில் தோசை சாப்பிடும்போது நெஞ்சை அடைத்துக்கொண்டது. சட்டையெல்லாம் வியர்வை, இடது கையில் வலி. வாய்வுதான், ஓமத்தண்ணி கொடு என்றார். கொடுத்தேன். ஏப்பமும் வரவில்லை, வலியும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், அங்க போனா கொரோனாதான் ஒட்டும், செத்தா மூட்டையா கட்டிக் கொண்டு போயிடுவாங்க, பிள்ளை வந்து முகம்கூட பார்க்க முடியாது, நான் வரல என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் நமக்குக் கொரோனா என்று தாமானே பேசுமாம், அதற்கும் தடை. இப்போ எழுந்திருக்கலன்னா தெருவுல நின்னு கத்துவேன் என்றேன். சரி, கார்ல ஒரு ஆள்தான், நானே ஓட்டிக்கிட்டுப் போறேன் என்று சாவியை எடுக்கிறார்! இந்த மனுஷனை என்ன செய்வது, நீயே சொல்.

கடைசியில் அவரே ஒரு சட்டம் கண்டுபிடித்தார். பின் சீட்டில் படுத்திருந்தால் ஆள் கணக்கில் வராதாம். எனக்கும் அந்தப் பதற்றத்தில் புத்தி எங்கே போனதோ, போர்வையால் மூடி, பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிற மாதிரி இரண்டு கூடையை அவர் மேல் வைத்துக் காரை எடுத்தேன். பாலத்துக்கு முன்னால் போலீஸ் தடுப்பு. பாசாருக்கு என்று சொல்லி நான் வாய் மூடவில்லை, பின்னால் கூடை முருகா முருகா என்று முனகுகிறது. சுகுமாறன் என்று சட்டையில் பெயர் குத்திய நம் தமிழ்ப் பையன் ஒருவன் போர்வையைத் தூக்கினான். அப்பா படுத்தபடியே சலாம் வைத்து, மாஃப் துவான், மன்னிச்சிருங்க, இனிமே செய்ய மாட்டேன் என்கிறார். அந்தப் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டது. ஆன்டி, நோயாளிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக யாரு லா தடுத்தா, திருட்டுச் சாமான் மாதிரி மூடி வெச்சிருக்கீங்களே என்று திட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளில் சைரன் போட்டு எங்களுக்கு முன்னால் போனான். அவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

மாரடைப்பேதான். டாக்டரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். முன்னெல்லாம் நெஞ்சுவலிக்காரங்களுக்குக் கட்டில் பத்தாது, இப்போ காலியா கிடக்கு, மாரடைப்பெல்லாம் லீவுல போயிடுச்சா ஆன்டி, எல்லாரும் பயந்து வீட்டுலயே கிடந்துட்டு முடியாமப் போனப்புறம்தான் வராங்க என்றார். நீங்களும் இன்னும் கொஞ்ச நேரம் ஓமத்தண்ணி கொடுத்திருந்தா என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். உள்ளே விடவில்லை, கார் பார்க்கில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த மறுநாள் அப்பாவே போன் செய்தார். எப்படி இருக்கீங்க என்று கேட்டால், அந்தப் போலீஸ்காரன் சம்மன் எழுதினானா என்கிறார்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். தம்புசாமி அண்ணன் ஏப்பம் விட்டாலே போதும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, வீட்டுக்காரியையும் ஏத்திக்கிட்டுப் போ என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து விரட்டுகிறார்.

நீயும் அங்கே உடம்பில் எங்கே வலித்தாலும் நீயே வைத்தியம் பார்த்துக்கொள்ளாதே, மாஸ்க் போடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உன்னைக் கைவிட மாட்டான், எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு. ஃப்ளைட் எப்போது விடுவார்களோ தெரியவில்லை. வர முடியவில்லையே என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. மெதுவாகவே வா, கண்ணு. வந்து பார்க்க அப்பா இருக்கிறார்.

உன் அம்மா,
ரமணி திருச்செல்வம்