மேட்டில் நின்ற வில்லாளிகள்

ஞாயிறு இரவு, கந்தப்பளை.

கம்ப்யூட்டரில் ராஜாக்கள் சண்டை போடும் அந்த கேமில் இன்றுதான் அக்காவை முதன்முதலாகத் தோற்கடித்தேன். எப்போதும் அவள்தான் மேப்பை எடுப்பாள், அதுவும் சமவெளியாகப் பார்த்து. அவளுடைய குதிரைப்படை என் ஊரை மிதித்துவிட்டுப் போகும். இன்று நான் மலை மேப்பை எடுத்தேன். வீடுகளை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் போல ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டினேன். ஏற்றத்தில் குதிரைகள் திணற, என் வில்லாளிகள் மேட்டில் நின்றபடியே எய்து முடித்தார்கள்.

"ஜெயிச்சது நீ இல்லடி, மேப்பு. எறங்கி வந்து பாரு, தெரியும்" என்றாள் அக்கா.

சிரித்துவிட்டுத்தான் படுத்தேன். கண்ணை மூடினால் அந்த வில்லாளிகள் தேயிலைக்குள் பனியோடு பனியாக நிற்கிறார்கள். நாளை மறுநாள் கொழும்பில் எனக்கு வேலை தொடங்குகிறது. நாளை நான் ஏறப்போகும் பஸ் மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்க, அவர்களும் பின்னாலேயே இறங்கி வருகிறார்கள். அங்கே ஏறி நிற்க மேடே இல்லையே.