வெள்ளச்சியிடம் நீ சொன்னதெல்லாம்

காலையிலிருந்து கொல்லைப்பக்கம் ஒரே சுண்ணாம்பு வாசனை. உன் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் நம் இரண்டு கொல்லைக்கும் நடுவில் இருக்கிற சுவரை உயர்த்துகிறார்கள். நெஞ்சளவு இருந்த சுவர் மதியத்துக்குள் என் தலைக்கு மேலே போய்விட்டது. “ஆட்டை அங்குட்டு மாத்திக் கட்டுங்க தாயி, செங்கல் விழுந்துரும்” என்றார் கொத்தனார். வெள்ளச்சியை அவிழ்த்துக்கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் கட்டினேன். கிழடாகிவிட்டது, பாதிப் பல் போய்விட்டது, ஆனாலும் அந்தச் சுவரைப் பார்த்துக் கத்துவதை மட்டும் விடமாட்டேன் என்கிறது. எனக்குத் தையலில் மனசு ஓடவில்லை. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைச் சுருட்டி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே வருஷத்தில் இந்தச் செக்காலைச் சந்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். இரண்டு வீட்டிலும் ஒரே சபை. சபை என்றால் நமக்கு அந்த ஓட்டுக் கூடமும் அதில் விரித்த பாயும் மட்டுமா? பெண்களுக்கு வெள்ளைச் சேலை. காதிலும் கழுத்திலும் ஒன்றும் கூடாது, பூ கூடாது, சினிமா கூடாது, பக்கத்து வீட்டில் கொடுக்கும் பொங்கல் கூடாது. காய்ச்சல் வந்தால் மருந்து கூடாது, ஜெபம்தான். வழியில் ஒருவரை ஒருவர் பார்த்தால் ‘ஸ்தோத்திரம்’ சொல்ல வேண்டும், எதிரில் வருபவர் திருப்பி ‘ஸ்தோத்திரம்’ சொல்ல வேண்டும். ஞானஸ்நானத்துக்கு முன்னால் தாலியைக் கழற்றச் சொன்ன அன்றைக்கு நான் அழுதேன். நீ என்ன செய்தாய்? “சனியன், தலை துவட்டுறப்பல்லாம் துண்டுல மாட்டிக்கிட்டு இருந்துச்சு. போனாப் போகுது விடுடி” என்று சிரித்தாய். உன்னை என்னென்னவோ செய்த சபையால் உன் வாயை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். பீடி பிடிக்கிற ஆள் என்று சபை அவரை எப்போதோ கைகழுவிவிட்டது. அதற்காக அவரும் ஒருநாள் வருத்தப்பட்டதில்லை. உன் வீட்டுக்காரர் நேர் எதிர். சபையை நடத்திய பெரிய ஊழியருக்கு அவர்தான் வலதுகை. பாட்டு எடுத்துக் கொடுப்பது, வராதவர்கள் வீட்டுக்குப் போய் விசாரிப்பது எல்லாம் அவர்தான். அதனால் எனக்கு வந்த வினை, அவர் ஊழியரிடம் போய்ச் சொன்னதில், உன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வந்தது.

ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசையில் நின்ற வருஷம் அது. என் மகள் எஸ்தருக்கு ஆறு வயது. காய்ச்சல் வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சபையே திரண்டு வந்து ஜெபித்தது. தொண்டை கட்டிப்போகும்வரை நீ அவள் தலைமாட்டில் முழங்காலில் இருந்தாய். அதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். இரண்டு வாரம் தாண்டி ஒரு விடியற்காலையில் பிள்ளை என்னைப் பார்த்து, “நீங்க யாரு?” என்றாள். அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. குதிரைவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டைபாய்டு என்றார் டாக்டர். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று என்னைத் திட்டிக்கொண்டே ஊசி போட்டார். பிழைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய ஊழியர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நீ என் சேலையைப் பிடித்து இழுத்து, “தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துரு ஆத்தா, முடிஞ்சுபோகும்” என்று கிசுகிசுத்தாய். சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். வாயில் வந்தது வேறு. “பிள்ளை பொழைச்சது பாவமாய்யா?” என்று கேட்டுவிட்டேன். “இந்த ஸ்திரீக்கு இனிமேல் யாரும் ஸ்தோத்திரம் சொல்லக்கூடாது. பேசக்கூடாது, சேர்ந்து சாப்பிடக்கூடாது. மீறுகிறவர்களுக்கும் இதுதான்” என்றார் அவர். அதுவரை என்னை அழைத்த சகோதரி என்ற சொல்கூட அன்றைக்கே போய்விட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, வெளியே என்பது எவ்வளவு பெரிய இடம் என்று. சந்தில் எதிரே வருபவர்களுக்குப் பழக்கதோஷத்தில் ‘ஸ்தோத்திரம்’ என்பேன். தரையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். “சாமி எங்குட்டு இருந்தா என்ன, வீட்டுலயே கும்பிட்டுட்டுப் போ” என்றார் என் வீட்டுக்காரர். கும்பிட்டுப் பார்த்தேன். நூறு குரலோடு சேர்ந்து பாடியவளுக்கு அடுப்படியில் தன் குரலை மட்டும் கேட்கப் பயமாக இருக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? இரண்டாவது அடிக்குமேல் பாட்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எதையாவது துவைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்படி ஒரு நாள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் உன் குரல்.

“ஏ வெள்ளச்சி, பிள்ளைக்குப் பத்தியம் பாக்கணும்ல? ரசஞ்சோறு கொடுத்தாளா, இல்ல அவ ஆத்தா தையல் மிஷினைக் கட்டிக்கிட்டே அழுகுறாளா?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவருக்கு ஓடிவந்து, “கொடுத்தேண்டி! நல்லா இருக்காடி!” என்றேன். நீ சட்டென்று எழுந்து, திரும்பிக்கூடப் பாராமல் உள்ளே போய்விட்டாய். அன்று முழுவதும் உன்னைத் திட்டித் தீர்த்தேன். மறுநாள்தான் புத்திக்கு எட்டியது. ஆட்டோடு பேசக்கூடாது என்று எந்த ஊழியரும் சொல்லவில்லை. நான் நேராகப் பதில் சொன்னால்தான் அது பேச்சாகிவிடும்.

நம் சந்தில் சாடை பேசுவது எதற்கு என்று ஊருக்கே தெரியும். ஆகாதவளைத் திட்ட வேண்டுமென்றால் கோழியைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள், குடத்தை நங்கென்று வைத்து அதைத் திட்டுவார்கள். அதையே நலம் விசாரிக்க எடுத்துக்கொண்டவள் நீ ஒருத்திதான். நானும் தையல் மிஷினைப் பின்தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். நீ ஆட்டோடு பேசினாய், நான் மிஷினோடு பேசினேன். பார்த்தவர்கள் இரண்டு பேருக்கும் மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நான் கோயில் தேடி அலைந்த கதை முழுவதும் அப்படித்தான் உனக்கு வந்து சேர்ந்தது. முதலில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனேன். சாம்பிராணியும் மெழுகுத்திரியுமாக அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் முழங்கால் போடும்போது நான் நின்றேன், நான் முழங்கால் போட்டபோது எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சுரூபங்களைப் பார்த்ததும், சிலை வைப்பது பாவம் என்று சபையில் கேட்டதெல்லாம் முதுகில் ஊர்ந்தது. அங்கே யாரும் என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, வந்தாயா என்றும் கேட்கவில்லை. அடுத்து, திருப்பத்தூரில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கிறது என்று யாரோ சொல்ல, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். வாசலிலேயே ஒரு பெரியவர், “மருந்து சாப்பிடுவீகளா?” என்று கேட்டார். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். இதை மிஷினிடம் சொன்னபோது அந்தப் பக்கம் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆடு மிரண்டுபோய்க் கயிற்றைச் சுற்றிச் சுற்றி வந்தது.

மூன்றாவதுதான் அந்தப் பழைய மிஷன் கோயில். பெண்கள் தலை நிறைய மல்லிகையோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் போன வேகத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்த அம்மாள் குனிந்து என் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். “அடப் பாவமே, இந்த வயசுலயா! எப்பத் தவறினாக?” என்றாள். “அவுக லாரியில மதுரைக்குப் போயிருக்காக” என்றேன். அந்த அம்மாளுக்கு முகம் எப்படி ஆகியிருக்கும், நீயே நினைத்துப்பார். அதோடு விட்டதா? அந்தக் கோயில் போதகரான ஐயர் புத்தகத்தைப் பார்த்து ஜெபம் வாசித்தார். வாசித்து முடித்ததும் எல்லோரும் தலைகுனிந்து மௌனமாக இருந்தார்கள். நமக்கு ஏது மௌனம்? சபையில் ஜெபத்துக்கு நடுவில் யாராவது சும்மா இருந்தால் விசுவாசத்திலிருந்து விழுந்துவிட்டார் என்றல்லவா அர்த்தம்! நான் இரண்டு கையையும் உயர்த்தி, “ஸ்தோத்திரம்! அல்லேலூயா!” என்று கூரை அதிரக் கூவிவிட்டேன். அத்தனை தலையும் திரும்பியது. பின்னால் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. கடைசிப் பாட்டு வருவதற்குள் நான் சந்துக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மிஷினிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். “இனி எங்குட்டும் போகமாட்டேன். எனக்கு எந்தக் கோயிலும் ஒட்டாது. ஆளில்லாமத்தான் கிடந்து சாகணும்” என்றேன். போய்விட்டாயோ என்று எட்டிப் பார்த்தேன். வெள்ளச்சியின் கழுத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாய்.

“ஏ வெள்ளச்சி, உன்னை வாங்கியாந்து இங்குட்டுக் கட்டுனப்ப மூணு நாளு கத்துனியே, நெனப்பிருக்கா? தழைய வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிட்டியே. புதுக் கொட்டில்னா கத்தத்தான் தோணும். கத்து, யாரு வேணாங்குறா? கத்திக்கிட்டே தின்னு.”

அடுத்த ஞாயிறும் அதே மிஷன் கோயிலுக்குப் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். இரண்டு கையையும் மடியில் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்காரப் பழகினேன். என் வீட்டுக்காரர் தவறிவிட்டார் என்று நினைத்த அம்மாள் ஒருநாள், “இங்குட்டு வந்து உக்காருங்க” என்று நகர்ந்து இடம் விட்டாள். அதற்கே ஒரு வருஷம் பிடித்தது. அது என் கோயில் என்று இன்றைக்கும் என்னால் அழுத்திச் சொல்ல முடியாது. பாட்டு வேகமெடுத்தால் கை தட்டுவதற்குத் தானாக எழும், தனியாகப் போய்விட்டு, தனியாகத்தான் திரும்பி வருகிறேன். ஆனால் போகாமல் இருந்ததில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்குத் தூர்ந்துபோன காதைத் திரும்பக் குத்திச் சின்னத் தோடு போட்டேன். நீ ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, “காதுல என்னமோ மினுக்குது வெள்ளச்சி. நல்லாத்தான் இருக்கு. நான் பாக்கலப்பா” என்றாய்.

எழுபதுகள் பிறந்து இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். உனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. “ஏ மிஷினே, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு அவகிட்டச் சொல்லு. வண்டி நான் கொண்டாரேன்” என்றேன், தினம் தினம் சொன்னேன். நீ தழை ஒடித்துப் போட்டுக்கொண்டே இருந்தாய். கடைசியில் ஒருநாள் பதில் வந்தது.

“வெள்ளச்சி, அவ பிள்ளைக்காகப் போனா. அது நியாயம். நான் எனக்குன்னு போகமாட்டேன். ஊழியருக்குப் பயந்துன்னு நெனைக்காத. நான் நம்பித்தான் இருக்கேன்.”

எனக்கு வந்த கோபத்தில் சட்டதிட்டம் எல்லாம் பறந்துவிட்டது. சுவருக்கு மேலே கையை நீட்டி, “வாடி, போவோம்” என்று நேராகவே உன்னைக் கூப்பிட்டேன். எழுந்து போய்விடுவாய் என்று நினைத்தேன். நீ போகவில்லை. அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாய். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஊழியர் மேல், உன் வீட்டுக்காரர் மேல், உன் மேலும்தான்.

நீ போன அன்று சந்துப் பெண்கள் எல்லோரும் உள்ளே போய் உன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அம்மன் கோவிலுக்குப் பூக்கட்டுகிற பெண்கூடப் பார்த்தாள். நான் படியேறியதும் சபைக்காரி ஒருத்தி கையைக் குறுக்கே நீட்டினாள். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. கொல்லைக்கு வந்து சுவரோடு சுவராக நின்றேன். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்தப் பக்கம் நின்றபடியே, உரக்க, கைதட்டிப் பாடினேன். யாரும் வந்து நிறுத்தச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து உன் வீட்டுக்காரர் கொல்லைப் பக்கம் வந்தார். தம்பியோடு இருக்க வெளியூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வெள்ளச்சியை இரண்டு கையாலும் தூக்கிச் சுவர்மேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வெள்ளச்சி, இனி உனக்கு அங்குட்டுத்தான்” என்றார் ஆட்டிடம். போகத் திரும்பியவர் நின்றார். “கடைசி நாள் காலையில, அங்குட்டு இருக்குறவ சாப்பிட்டாளான்னு இவ கேட்டா. அதை அவகிட்டச் சொல்லிரு.”

இத்தனை வருஷமும் நம் பேச்சு அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நான் ஆட்டை வாங்கி அணைத்துக்கொண்டேன்.

கொத்தனார் கடைசி வரிசையை வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கிறார். இனி அந்தப் பக்கம் யார் இருந்தாலும் எனக்குத் தெரியாது. வெள்ளச்சிதான் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் தழை போட்டிருக்கிறேன், நடுநடுவே தின்கிறது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போவேன், கையை மடியில் வைத்து உட்காருவேன். அதற்கு முன்னால் உனக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. ஆட்டிடமும் சொல்லப்போவதில்லை, மிஷினிடமும் சொல்லப்போவதில்லை, உன்னிடமே சொல்கிறேன்.

சாப்பிட்டேண்டி. கத்திக்கொண்டேதான் சாப்பிட்டேன். ஸ்தோத்திரம்.