'சேத்துப் பண்றது' என்ற ஒரு சொல்

சண்டை போட ஆளில்லாமல் என்னை விட்டுப்போன என் அக்காவுக்கு,

எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். சிசேரியன்தான். உனக்கு இருந்ததுபோலவே எனக்கும் கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தது. குழந்தையை எடுத்த கையோடு அதையும் எடுத்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறேன். ஆனால் இதை உனக்கு எழுதும்போது சந்தோஷம் வரவில்லை அக்கா, ஆத்திரம்தான் வருகிறது.

உன் முதல் பிரசவத்துக்கு முன்னால் டாக்டரம்மா உன்னிடம் தெளிவாகத்தான் சொன்னார். எல்லாருக்கும் இப்படி எடுக்க முடியாது, ரத்தம் அதிகம் போகும், ஆனால் உன் கட்டி தோதான இடத்தில் இருக்கிறது, வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு முடிந்தால் எடுத்துவிடலாம் என்றார். நீயும் சரி என்றாய். ஒரு தடவை அறுத்தால் போதும் என்று சிரிக்கக்கூடச் செய்தாய். அதற்கான ரத்தத்துக்காகத்தான் நான் ரத்த வங்கியில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வெளியே வந்து உன் மாமியாரிடம் கேட்டிருக்கிறார். "பொம்பளப் புள்ளம்மா. டாக்டரம்மா சேத்துப் பண்ணிரலாமான்னு கேக்குறாங்க."

நம் பக்கத்தில் 'சேத்துப் பண்றது' என்றால் வேறென்ன? பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு. மணமேல்குடியிலிருந்து திருக்கோகர்ணம் வரை யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். "அதெல்லாம் வேணாங்க. அடுத்தது ஆம்பளப் புள்ள வேணும்ல" என்று உன் மாமியார் சொல்லி அனுப்பிவிட்டார். சிங்கப்பூரிலிருந்து போனில் இருந்த மச்சானும், அம்மா சொல்கிறபடி செய்யுங்கள் என்றாராம். நர்ஸ் கேட்டதோ கட்டியைச் சேர்த்து எடுப்பதைப் பற்றி. எதை வேண்டாம் என்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

நீ உள்ளே விழித்துக்கொண்டுதானே படுத்திருந்தாய்? இடுப்புக்குக் கீழேதானே மரத்துப் போயிருந்தது? வார்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "வீட்ல வேணாம்னுட்டாங்கன்னு அப்படியே தச்சுட்டாங்கடி. என்னையக் கேட்டிருக்கலாம்ல?"

அதற்குப் பிறகு மாதாமாதம் ரத்தம் கொட்டியது. முகமெல்லாம் வெளுத்துப் போனாய். கட்டியைத் தனியாக எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். முதலில் பேரன் வரட்டும் என்று அதையும் தள்ளிப்போட்டார்கள். இரண்டாவது பிரசவத்தில், கட்டியினால் கர்ப்பப்பை சுருங்கவில்லை, ரத்தத்தை நிறுத்த முடியவில்லை என்று சொல்லி உன்னை வெளியே கொண்டுவந்தார்கள். பிறந்தது பெண்தான் அக்கா. நீ அவள் முகத்தைப் பார்த்தாயா?

துக்கம் கேட்க வந்தவர்களிடம் உன் மாமியார் எல்லாம் விதி என்றார். விதியா வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டாம் என்றது? நம் அம்மாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

என் முறை வந்தபோது டாக்டரிடம் முன்னாடியே சொல்லிவிட்டேன். "எடுக்கலாமா கூடாதான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. பதில் நாந்தான் சொல்லுவேன். வெளிய யாரையும் கேக்காதீங்க." பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கு முகம் தொங்கிப் போய்விட்டது. தொங்கட்டும்.

உன் பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது எங்களோடுதான் இருக்கிறார்கள். நேற்று பெரியவள் என் குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, எங்கம்மா எதுனால செத்தாங்க?" என்று கேட்டாள். குழந்தையை அவள் மடியில் வைத்துப் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆனால் அவளுக்கு விவரம் தெரியும் வயதில் உட்காரவைத்துச் சொல்வேன். உன்மேல் சத்தியம். உன் அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள், அவளிடம் பதிலும் இருந்தது, ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை என்று சொல்வேன்.

உன் பெண்களுக்குச் சித்தியாகவும் அம்மாவாகவும் ஆகிப்போன
உன் தங்கை