கஞ்சிச் சீட்டு ஏறிய மேடை

இன்று அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால், பள்ளிவாசலின் பின்பக்கத்திலிருந்து நோன்புக் கஞ்சி வாசம். உள்ளிப் பூண்டு, ரம்பை இலை, தேங்காய்ப்பால். மற்றவர்களுக்குப் பசி வந்திருக்கும். எனக்கு வந்தது மேடையில் நீ முழித்த முழி.

போன வருடம், நோன்புக்கு ஒரு கிழமை இருக்க, கல்முனையில் பேச்சுப்போட்டி. வென்றால் மாகாணப் போட்டி. நம் பாடசாலையிலிருந்து ஒருவரும் அதுவரை போனதில்லை. ஒற்றுமை பற்றி மூன்று கிழமையாக நீ எழுதிய பேச்சை உன் சட்டைப்பையிலிருந்து உருவிவிட்டு, பள்ளியில் கஞ்சி காய்ச்சும் என் வாப்பாவின் சாமான் சீட்டை மடித்து வைத்தேன். ஏறுமுன் பார்ப்பாய், ஏசுவாய், சிரிப்போம் என்று நினைத்தேன். நீ பார்க்கவேயில்லை. மேடையில் ஸலாம் சொல்லித்தான் தாளை விரித்தாய்.

ஒரு கணம் முழித்தாய். நீ கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தாய். பிறகு சீட்டை அப்படியே வாசித்தாய்: "அரிசி, தேங்காய், இஞ்சி, உள்ளி, ரம்பை." மண்டபம் சிரித்தது. "இதில் எதுவும் ஒரே வீட்டிலிருந்து வந்ததல்ல," என்றாய். சிரிப்பு நின்றது. மாவடிப்பள்ளி வயல் நெல், ஊரார் கொடுத்த தேங்காய், வாளியோடு நிற்கும் பிள்ளைகள், பாண்டிருப்பு இந்துக் கூட்டாளி வீட்டுக்குப் போகும் ஒரு வாளி. ஐந்து நிமிடமும் அந்தப் பானையை விட்டு நீ நகரவில்லை. முதலிடம்.

இறங்கி வந்து என் முதுகில் ஒன்று போட்டாய்.

"ஒடனே எப்பிடி மச்சான் அவ்வளவு பேச்சு வந்த?"

"ஒடனேயா? பத்து வருஷமா கஞ்சி வாளி தூக்கிறன்டா. அதுலரிந்து வந்த."

"அப்ப சீட்டுத் தந்த எனக்குப் பரிசுல பாதி."

"ஓம், அடியில பாதி தாறன், வா."

அந்தப் பெருநாளை நீ காணவில்லை. ஒரு காய்ச்சல். மாகாண மேடையில் நம் பாடசாலையின் இடம் காலியாகவே கிடந்தது.

போன கிழமை அதே மண்டபத்தில் நான் ஏறினேன். எழுதிய பேச்சை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். தலைப்பு கடல். முதல் அரை நிமிடம் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு பெரியநீலாவணையில் நாம் கரைவலை இழுத்த காலை வந்தது. மீனை விட நீ அதிகமாகத் துள்ளியது வந்தது. வாயைத் திறந்தேன், மண்டபம் சிரித்தது, பிறகு அடங்கியது. நீ செய்த அதே வேலை.

பெருநாள் கழித்து மாகாணத்துக்குப் போகிறேன். கஞ்சிச் சீட்டு சட்டைப்பையில் வரும், விரிக்கமாட்டேன். எனக்கும் முதலிடம், மச்சான். பாதி உனக்கு.