ஜன்னலின் தலையில் நீ எழுதிய வரி

நம் பழைய கணினியின் விசிறி கக்கும் வாசம் உனக்கு நினைவிருக்கும். கருகிய தூசியும் மழை ஈரம் ஏறிய காகிதமும் கலந்த வாசம். இன்று காலை அதில் கருகல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. உன் தம்பி புதுக் கணினியோடு வந்து நின்றான்.

"அக்கா, இது முடிஞ்சிருச்சு. கழட்டிக்கிட்டுப் போறேன்."

"தொட்டுப்பாரு, கைய ஒடைக்கிறேன்" என்றேன். பயந்துபோய் டீ குடிக்கப் போய்விட்டான்.

அவனிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அந்தப் பழசுக்குள் நீ எனக்கு எழுதிய கடைசி வரி இருக்கிறது. பெட்டி மூச்சை விடுவதற்குள் அது புதுசுக்குள் ஏற வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

நம் டைப்பிங் கடையைப் பற்றி நோர்வூட் பஜார் என்ன சொன்னது? ஒருத்தி டைப் அடிப்பாள், ஒருத்தி வம்பு அடிப்பாள் என்றது. பொய்யில்லை. பத்திரிகையில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவளுக்கு வம்புதான் சரக்கு. கடையின் மூளை நீ. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சிங்களத்தில் மூன்றாவது பெயர் என்று தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வந்து நிற்பார்கள். யார் பெயர் எதில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிக் காட்ட நீயே ஒரு சின்ன புரோகிராம் செய்தாய். அது டெர்மினல் என்ற கறுப்பு ஜன்னலில் மட்டும்தான் ஓடும். எனக்கு அந்தக் கறுப்பைக் கண்டால் பயம்.

"நீ ஒண்ணும் அடிக்க வேணாம் புள்ள" என்று முகப்பில் ஒரு ஐகான் வைத்தாய். அதன் வயிற்றுக்குள் நீளமாக ஒரே வரி. முதலில் டெர்மினலின் பெயர். பிறகு இரண்டு கோடு போட்டு எழுத்தின் அளவு. மறுபடி இரண்டு கோடு, ஜன்னலின் அகலமும் உயரமும். இரண்டு கோடு, ஜன்னலின் தலைப்பு. கடைசியில் தேடுகிற புரோகிராம்.

"இத்தனையும் மொதல்லயே சொல்லணுமா? தெறந்த பொறகு சொன்னா என்னா?"

"காலையில பெரட்டுல ஆளுங்கள நிக்க வச்சு கங்காணி என்னா செய்றாரு? நீ அஞ்சாம் நம்பர் மலை, நீ கவ்வாத்து வெட்டப் போன்னு சொல்லித்தான அனுப்புறாரு? ஆளு மலை ஏறுன பொறகு கத்துனா கேக்குமா? கெளம்புறதுக்கு முன்னாடி சொல்லிரணும்."

தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த எனக்கு அது ஒரே தடவையில் புரிந்தது. புரியாதது நீ செய்த குறும்புதான். கண்ணாடி போட்டால் வயது தெரியும் என்று நான் அதை இழுப்பறையில் ஒளித்து வைத்திருந்தேன். அதனால் எனக்காக எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கினாய். ஆனால் அந்த அளவு ஜன்னலுக்கு உள்ளே மட்டும்தான். மேலே தலைப்பு எறும்பு வரிசையாகவே இருந்தது. ஒரு வாரம் கழித்து, கடிதம் அடிக்க வந்த, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, ஒங்க கம்பியூட்டரு ஒங்களக் கண்ணாடியப் போடச் சொல்லுதுங்களே?"

ஒரு வாரமாக நீ அங்கே எழுதி வைத்திருந்தது அதுதான்: 'கண்ணாடியப் போடு'. அதற்குப் பிறகு தினமும் எனக்கு முன்பே கடையைத் திறந்து தலைப்பை மாற்றி வைப்பாய். 'வாய மூடு.' 'எழுத்தாளரம்மா, சேலை கிழிஞ்சிருக்கு.' வருகிறவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்பேனே தவிர, கண்ணாடியை மட்டும் எடுக்க மாட்டேன்.

அந்தக் கடைசி வாரம் முழுக்க நீ இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாய். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது நான் சொன்னேன்: "வலது கை வேல செய்யுது, எடது கை பொறாமையில வலிக்குது." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு வலியைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. என் பகடிகளில் இவ்வளவு நன்றாக வேலை செய்தது வேறெதுவும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் காலை ஐகானை அழுத்தினேன். வழக்கத்தைவிட எறும்பு வரிசை நீளமாக இருந்தது. நீளமாகத் திட்டியிருக்கிறாய் என்று விட்டுவிட்டேன். பிரிண்டருக்கு டோனர் வாங்க ஹட்டனுக்குப் போக வேண்டும் என்று முந்தின நாள் பேசியிருந்தோம். நீ குடையோடு வாசலில் நின்றாய்.

"என்னா, வரலியா?"

"ரெண்டு பேரும் போனா கடைய யாரு பாக்குறது? நீ போயிட்டு வா."

"மேல எழுதியிருந்தேனே. பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் பாத்தேன். போ."

நீ குடையை விரித்தாய். ஹட்டனில் எல்லோரும் இறங்கிய பிறகும் நீ மட்டும் பஸ் கண்ணாடியில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாயாம். தூங்குகிறாய் என்று நினைத்தார்களாம்.

காரியம் முடிந்து கடையைத் திறந்த அன்றுதான் இழுப்பறையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன்.

'ஆஸ்பத்திரிக்குப் போறேன். பயமா இருக்கு. கூட வர்றியா?'

அது ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று கேட்கிறவர்களிடம், தலைப்பை மாற்றத் தெரியாது என்று இத்தனை நாளும் சொல்லி வருகிறேன். தெரியும். நீ சொல்லித் தந்தது மறக்குமா?

இன்று ஐகானின் வயிற்றிலிருந்த அந்த நீள வரியைப் பார்த்துப் பார்த்துப் புதுசில் நானே அடித்தேன். பதற்றத்தில் தலைப்பை, பெயர் தேடும் புரோகிராமுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். அது உன் கேள்வியை யாரோ ஒருவருடைய பெயர் என்று எடுத்துக்கொண்டு தேடியது. 'அப்படி ஒருவர் இல்லை' என்றது. சொல்ல வேண்டியதைக் கிளம்பிய பிறகு சொன்னால் அப்படித்தான். வரிசையைத் திருத்தி மறுபடி அழுத்தினேன். உன் வரி மேலே வந்தது. கண் இமைப்பதற்குள் அதை அழித்துவிட்டு, அங்கே கணினி தன் பெயரைப் போட்டுக்கொண்டது.

உன் தம்பி எப்போது திரும்பி வந்தான் என்று தெரியவில்லை. நான் அடித்திருந்ததை என் தோளுக்கு மேலே வாசித்துக்கொண்டிருந்தான்.

"இதுல அப்பிடித்தான்க்கா" என்றான். "நாம வச்ச தலைப்பு நிக்காது."

பழசைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். நான் தடுக்கவில்லை.

அவன் போன பிறகு பத்துத் தடவையாவது திறந்து மூடியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அழுத்துவதற்கு முன்பே கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். இனி தினமும் போடுவேன், நீ ஜெயித்தாய். ஓர் இமைப்பொழுது நீ கேட்கிறாய். "வர்றேன் புள்ள" என்று நான் வாயைத் திறப்பதற்குள் மேலே வேறு பெயர் வந்துவிடுகிறது.