பூட்டனின் சம்மதம்

சுன்னாகம்,
12.06.2024

அன்புள்ள தம்பி நகுலேசுக்கு,

நான் சுகம். நீயும் மனைவியும் கோகுலனும் கனடாவில் சுகமாக இருக்க நகுலேஸ்வரப் பெருமான் துணை நிற்கட்டும். உன் மகள் கீர்த்திகாவும் லண்டனில் சுகம். அவள் பெயரை எடுத்ததும் நீ போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கடிதத்தை இடையில் வெட்ட முடியாது. கிழிக்கலாம். ஆனால் வாசிக்காமல் கிழிக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்.

உங்கள் ஊர்ச் சங்க மலருக்கு அம்மா வழி வம்சாவளியைக் கேட்டிருந்தாய். பூட்டன் கதிரவேலு மலாயாவில் காய்ச்சலில் செத்த ஆண்டைச் சரிபார் என்றாய். உன் பெயருக்குக் கீழே மகன் பெயர் போதும், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெடியனைக் கட்டிய மகளின் பெயர் வேண்டாம் என்றும் சொன்னாய். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் பூட்டன் பிறந்த அச்சுவேலியில் தேடினேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் விடுகிற பிழைதான். ஆம்பிளை கலியாணம் முடித்ததும் பெண் வீட்டோடு போய்விடுகிறான், பிறகு தகப்பன் ஊரில் தேடினால் என்ன கிடைக்கும்? மாரி மழையில் பஸ் ஏறி இறங்கிச் சேற்றுப்புண் வந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. நான் இருக்கும் இந்த வளவு பூட்டியின் சீதனம். அவர் அம்மம்மாவுக்குக் கொடுத்தார், அம்மம்மா அம்மாவுக்கு, அம்மா எனக்கு. காணிக் கந்தோரில் இதன் பழைய உறுதிப் பத்திரத்தைக் கேட்டேன். நாளைக்கு வாங்கோ என்றார்கள். போனேன். திரும்பவும் நாளைக்கு என்றார்கள். திரும்பவும் போனேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் எடுத்துத் தந்தார்கள்.

தம்பி, வீட்டில் சொல்கிறபடி பூட்டன் செத்தது 1914இல். பூட்டி அந்த வளவை மகளுக்குச் சீதனமாக எழுதியது 1927இல். எங்கள் யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டப்படி, புருஷன் உயிரோடு இருந்தால் அவன் சம்மதம் இல்லாமல் ஒரு பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூட எழுத முடியாது. அந்தச் சம்மதம் உறுதியில் இருக்கிறது. மலாயாவின் தைப்பிங்கிலிருந்து வந்திருக்கிறது, தானியேல் கதிரவேலு என்ற பெயரில்.

நேரே மானிப்பாய்க்குப் போய், அம்மாவின் சகோதரங்களில் மிஞ்சியிருக்கும் கமலாவதிக் குஞ்சம்மாவைக் கேட்டேன். தெரியாது என்றார். நான் எழும்பவில்லை. தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு, "ஓம் பிள்ளை, வேதத்துக்கு மாறிட்டார் எண்டு அவற்றை தேப்பன் கோவத்திலை, செத்த ஆளுக்குச் செய்யிற எட்டுச் செலவும் செய்துபோட்டார். பெஞ்சாதியையும் வெள்ளை உடுக்க வைச்சவை" என்று சொல்லி அழுதார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உயிரோடு இருந்த மனிதனுக்குச் செத்தவீடு நடத்திவிட்டு, காணிக்காக மட்டும் அவரிடம் கை நீட்டியிருக்கிறார்கள். மகளின் கலியாணம் நிற்கக்கூடாது என்று அவரும் மறுக்காமல் ஒப்பமிட்டிருக்கிறார். ஒப்பம் கேட்டு எழுதியவர்கள், கலியாணத்துக்கு வா என்று ஒரு வரி எழுதினார்களோ தெரியாது.

வம்சாவளியை இத்துடன் அனுப்புகிறேன். பூட்டன் செத்த ஆண்டை எழுதவில்லை. தைப்பிங் தேவாலயங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வராவிட்டால் நானே போவேன். உன் பெயருக்குக் கீழே கோகுலனோடு கீர்த்திகாவையும் அவள் புருஷன் ஜெரோசனையும் எழுதியிருக்கிறேன். அவர்களை வெட்டுவதானால் என் பெயரையும் வெட்டிவிடு. நான் சும்மா சொல்லவில்லை.

கோபிக்காதே தம்பி. உனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடு, குளிசையை மறக்காதே.

ஆவணியில் கீர்த்திகாவுக்குப் பிள்ளை பிறக்கும். உன் வீட்டில் யார் யார் இருக்கினம் என்று அங்கே யாரும் கேட்டால், அப்பா இருக்கிறார் என்றுதான் இன்னும் சொல்கிறாளாம். நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று நான் தினமும் கும்பிடுகிறேன். அவளுக்கும் நீ இருக்க வேண்டும், ராசா.

உன் அக்கா,
குணலட்சுமி