வெள்ளை மாதத்துக்கு எடுத்துவைத்த மருந்து

அன்புள்ள அம்மாவுக்கு, நொமின் வணங்கி எழுதுவது. ஆடுகள் குளிரைத் தாங்கினவா? உங்கள் முழங்கால் எப்படி? நான் நலம்.

வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகையன்று காலை, செவிலியாக நான் வீடு தேடிப்போய்ப் பார்க்கும் புற்றுநோயாளி கோம்போ ஐயா தம் கூடார வீட்டில் அசைவின்றிக் கிடந்தார்.

“விருந்தாளிங்க முன்னாடி வலியில்லாம உட்காரணும்ல? நாலு நாள் வலிமருந்தைச் சேர்த்துவச்சு மொத்தமாக் குடுத்தேன்மா” என்றார் அவர் மனைவி.

ஐயாவின் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு ஏழுதான். நான் அழைத்ததும் மருத்துவர் ஓடிவந்து, மருந்தை முறிக்கும் ஊசி போட்டபின் ஐயா கண் திறந்தார். “என்னம்மா எண்ணுற? நான் என்ன ஆட்டு மந்தையா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் எண்ணுவதை நிறுத்தவில்லை.

நம் வீட்டுத் தயிர்க்கட்டி கொஞ்சம் அனுப்புங்கள்; இங்கே கிடைப்பதில் நம் வாசனை இல்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். அம்மா, நான் அனுப்பிய முழங்கால் மாத்திரைகளை நீங்கள் தினமும் சாப்பிடுகிறீர்கள்தானே?